படியெடுத்தபின் படித்தல்

(ஊத்தங்கரையில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தில் கணிப்பொறி வட்டைப் பற்றி என்ன பேச்சு என்று அவையினர் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது இயல்பே. ஆயினும் 1990-களில் எழுதத் தொடங்கிய கவிஞர்களின் கையெழுத்துப்படிகள் இன்று எங்கே இருக்கின்றன என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தால், இத்தலைப்பு அயலானது அன்று என்பது விளங்கும். அச்சுக்கோத்த ஈய எழுத்துகள் விடைபெற்று, கணினி அச்சுக்கோப்பு ஊர்தோறும் நுழைந்த காலம் அது. சிற்றிதழ்களும் கவிதைத் தொகுப்புகளும் கணினியில் உள்ளிடப்பட்டன. வேலை முடிந்ததும் கவிஞர் கையில் ஒரு சதுரமான பிளாஸ்டிக் வில்லை கொடுக்கப்பட்டது. ஃபிளாப்பி என்று வழங்கப்பட்ட நெகிழ்வட்டு அதுவே. கவிஞர் அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்தார். தாளில் எழுதிய படி பெரும்பாலும் அச்சகத்திலேயே தங்கிவிட்டது. எனவே பல தொகுப்புகளுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே மூலம் அந்த வில்லைதான்.

பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வழக்கத்தை எண்ணி உ.வே.சாமிநாதையர் வருந்தினார். இன்று ஆற்றின் இடத்தைக் காயலான் கடை பிடித்துக்கொண்டது. பழைய கணினியோடு சேர்த்து எடைக்குப் போடப்படும் வட்டுகளில் எத்தனை கவிதைகள் போயின என்பதற்குக் கணக்கில்லை. போனவை போகட்டும். அலமாரியில் எஞ்சியிருப்பவற்றை எப்படிக் காப்பது, எப்படிப் பார்ப்பது, எந்த அளவுக்குத் திருத்துவது என்பனவே இவ்வுரையின் பொருள்.

கல்லும் மைப்படியும்

கிருட்டிணகிரி, தருமபுரி வட்டாரம் நடுகற்களின் நாடு. ஆநிரை கவர்ந்தபோதும் மீட்டபோதும் பட்ட வீரரின் பெயர் பொறித்த கற்கள் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. அவற்றுள் பல வேடியப்பன் என்னும் பெயரோடு இன்றும் பூசை பெறுகின்றன. அக்கற்களைப் படிக்க வரும் கல்வெட்டறிஞர் முதலில் என்ன செய்கிறார்? கல்லைக் கழுவுகிறார். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டுகிறார். எழுத்தின் பள்ளங்களில் தாள் படிந்ததும், மேற்பரப்பில் மை ஒற்றுகிறார். கருமையின் நடுவே எழுத்துகள் வெண்மையாகத் தெரிகின்றன. அதுவே மைப்படி. எழுத்து மட்டுமன்று, கல்லின் வெடிப்பும் சிதைவும் அப்படியில் பதிகின்றன. அறிஞர் அதனை எடுத்துச் சென்று அறையில் அமர்ந்து பலமுறை படிக்கிறார். ஐயம் தோன்றினால் படியின்மேல் குறிப்பெழுதுவார்; கல்லின்மேல் உளியை வைப்பதில்லை. தெளிவாகத் தெரியட்டும் என்று எழுத்துகளின்மேல் வண்ணம் தீட்டிய நல்லெண்ணக்காரர்களால் கெட்ட கல்வெட்டுகள் பல.

நெகிழ்வட்டுக்கும் இதுவே முறை. முதலில் வட்டினை முழுவதுமாகப் படியெடுக்க வேண்டும். அப்படிக்கு வட்டுப் படிமம் என்று பெயர். படிமம் என்னும் சொல் கவிஞர்க்குப் புதிதன்று. சி.சு.செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய காலம் முதல் புதுக்கவிதையோடு உறவாடிவரும் சொல் அது. கவிதையில் படிமம் பொருளை மனக்கண் முன் நிறுத்துகிறது. கணினியில் வட்டுப் படிமம், வட்டு அழிந்த பின்னும் வட்டினை முன்னிறுத்துகிறது.

வட்டின் உள்ளமைப்பு

மூன்றரை அங்குல நெகிழ்வட்டின் பரப்பு, ஒரு பக்கத்திற்கு 80 வளையங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பக்கம் இரண்டு. ஒவ்வொரு வளையமும் 18 கூறுகளாகப் பிரிகிறது. ஆக மொத்தம் 2,880 கூறுகள். ஒரு கூறில் 512 பைட்டுகள் அடங்கும். பைட்டு என்பது ஓர் ஆங்கில எழுத்து அமரும் இடம் என்று கொள்ளலாம். எல்லாம் சேர்த்தால் 14,74,560 பைட்டுகள். பழைய எழுத்துருக்களின் கணக்கில், 1,330 குறட்பாக்களையும் அதில் பத்துமுறை எழுதிவிடலாம்.

இக்கூறுகள் ஓர் ஒழுங்கில் அமைந்தவை. முதற்கூறு வட்டின் அளவும் அமைப்பும் கூறும் பாயிரம். அடுத்த 18 கூறுகளில், எந்தக் கோப்பின் தொடர்ச்சி எந்தக் கூறில் இருக்கிறது என்பதைக் காட்டும் பட்டியல் இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று சிதைந்தால் மற்றொன்று உதவும். அதன்பின் 14 கூறுகளில் பெயர்ப்பட்டியல். ஒரு பெயருக்கு 32 பைட்டுகள் வீதம் 224 பெயர்கள் அதில் இடம்பெறலாம். அதற்கு அப்பால், 16,896 பைட்டுகளைக் கடந்த பிறகே நூல் தொடங்குகிறது. பாயிரம், பொருளடக்கம், நூல் என்னும் இவ்வரிசை தமிழ் வாசகர்க்குப் பழக்கமானதே.

கோப்பினை வழக்கம்போல் நகலெடுத்தால் போதாதோ என்ற வினா எழும். போதாது. நகலெடுக்கும்போது பெயர்ப்பட்டியலில் உள்ள கோப்புகள் மட்டுமே வருகின்றன. படிமமோ 2,880 கூறுகளையும் வரிசை மாறாமல் தருகிறது. பட்டியலில் இல்லாதவையும், அழிக்கப்பட்டவையும், கோப்பின் கடைசிக் கூறில் ஒட்டிக்கிடக்கும் பழைய மிச்சமும் அதில் உள்ளன. முன்னது செய்யுளை மட்டும் பெயர்த்தெழுதுவது. பின்னது ஏட்டினையே படமெடுப்பது.

படிமம் எடுத்தல்

வட்டினைச் செலுத்தியில் இடுவதற்கு முன் அதன் எழுதுதடைத் தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும். மூலையிலுள்ள சிறு துளை திறந்திருந்தால் கணினி அவ்வட்டில் எதையும் எழுத இயலாது. ஐந்தேகால் அங்குல வட்டாயின் விளிம்பிலுள்ள வெட்டினை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். இது வீண் அச்சமன்று. எழுதுதடை இல்லாத வட்டில், விண்டோஸ் 95 காலத்துக் கணினி, திறந்த மாத்திரத்திலேயே முதற்கூறில் தன் குறியைப் பதித்துவிடும். பார்ப்பதாக நினைத்துக்கொண்டே திருத்திவிடும் நிலை அது. உள்வட்டில் வெண்பூசணம் தெரிந்தால் அதனைச் செலுத்தியில் இடவே கூடாது. பூசணம் படிக்கும் முனையைக் கெடுப்பதோடு அடுத்த வட்டிற்கும் பரவும். அத்தகைய வட்டு, தூய்மை செய்யத் தெரிந்தவர் கைக்குப் போக வேண்டும்.

படிமம் எடுக்கும் மென்பொருள்கள் பல. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் டிடி என்னும் சிறு கருவி நெடுங்காலமாக உண்டு. விண்டோஸில் வின்இமேஜ் போன்றவை உள்ளன. பழுதான வட்டுக்கு ஏற்றது டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருள். அதன் நடத்தை அனுபவமிக்க ஏடு வாசிப்பவரை ஒத்தது. எளிதில் படிக்க வருவனவற்றை முதலில் படித்துக்கொள்கிறது. தடுக்கும் இடத்தில் நின்று வருந்தாமல் குறித்துவைத்துக்கொண்டு மேலே செல்கிறது. இறுதியில் திரும்பிவந்து விடுபட்ட இடங்களை மீண்டும் மீண்டும் முயல்கிறது. எவ்விடம் கிடைத்தது, எவ்விடம் கிடைக்கவில்லை என்பதற்குத் தனி வரைபடமும் எழுதிவைக்கிறது. கெட்டுவரும் வட்டில் ஒவ்வொரு வாசிப்பும் கடைசி வாசிப்பாக அமையலாம் என்பதால் இம்முறையே சிறந்தது.

படிமம் கிடைத்தவுடன் அதன் கைரேகையை எடுத்துவைக்க வேண்டும். ஷா-256 என்னும் கணக்கீடு, எவ்வளவு பெரிய கோப்பினையும் 64 குறிகளாகச் சுருக்கிக் காட்டும். படிமத்தில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அக்குறிகள் முற்றிலும் வேறாகிவிடும். இருபது ஆண்டு கழித்து அப்படிமத்தைத் திறப்பவர், அது அன்று எடுத்த படிதானா என்பதை அக்குறிகளை வைத்தே அறியலாம்.

ஒசூர்த் தொழிற்பேட்டைகளில் சி.என்.சி. எந்திரத்தோடு பழகியவர்க்கு இச்செய்தி முற்றிலும் புதிதாக இராது. அவ்வகை எந்திரங்களின் பழைய மாதிரிகள் பல, கடைசல் வேலைக்கான கட்டளைகளை நெகிழ்வட்டிலிருந்தே பெற்றன. சோனி நிறுவனம் 2011-இல் நெகிழ்வட்டு விற்பனையைக் கைவிட்டது. எந்திரமோ இன்னும் ஓடுகிறது. எனவே வட்டுச் செலுத்தியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் வட்டுபோல நடிக்கும் ஒரு சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். விரலளவு நினைவகத்தில் நூறு வட்டுகளின் படிமங்கள் இருக்கும்; பொத்தானை அழுத்தினால் வேண்டிய வட்டு வரும். எந்திரம் தனக்கு வட்டுதான் கிடைத்தது என்று நம்பி வேலை செய்கிறது. இரும்பைக் கடையும் கட்டளைக்குப் படிமம் எடுக்க ஆள் உண்டு. அது நின்றால் அன்றைய கூலி நிற்கும். கவிதை நின்றால் எதுவும் நிற்பதில்லை. அதனால்தான் அதற்கு வட்டம் வேண்டியிருக்கிறது.

பார்த்தல்

படிமத்தைப் பார்க்க இருவழிகள் உள்ளன. ஒன்று, அதனை வட்டுபோலவே கணினியில் ஏற்றி, படிக்க மட்டும் இசைந்து திறப்பது. கோப்புகள் பெயரோடு தோன்றும். மற்றொன்று, எச்எக்ஸ்டி போன்ற பதினாறடிமான எண் நோக்கியில் பைட்டு பைட்டாகப் பார்ப்பது. திரையின் இடப்புறம் வரிசை எண், நடுவில் எண்களாகப் பைட்டுகள், வலப்புறம் அவற்றுக்குரிய எழுத்துகள். முதலில் பார்ப்பவர்க்கு அது வட்டெழுத்துக் கல்வெட்டுபோல மிரட்டும். பழகினால் பேசும்.

பேசும்போதும் தமிழில் பேசாது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று உள்ளிட்டால் வட்டில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பழைய தட்டச்சுப் பொறியின் விசைவரிசையைத் தழுவிய அமைப்பு அது. ஆங்கில எழுத்தின் முகத்தில் தமிழ் உருவை ஒட்டிவைத்த உத்தி என்பதால், எழுத்துரு இல்லாத கணினியில் கவிதை முழுதும் பொருளற்ற ஆங்கிலமாகத் தோன்றும். ‘கெட்டுப்போன கோப்பு’ என்று பலர் வீசியெறிந்தவை உண்மையில் கெடாதவை.

ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி அமைப்பு வைத்திருந்த காலம் அது. 1997-இல் சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாடும், 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாடும் இக்குழப்பத்தைத் தீர்க்கவே முயன்றன. சென்னை மாநாட்டின் பயனாகத் தாம், தாப் என்னும் தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. உலகத் தமிழர் பலர் டிஸ்கியைக் கைக்கொண்டனர். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்து வாழ் கு.கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டமும் டிஸ்கியில் நூல்களை வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்றுள்ள கவிஞர் மாற்றிக்கொள்ள வேண்டிய இலக்கு அதுவே.

மாற்றும் கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைக் கண்மூடி நம்பலாகாது. பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பினை முதலில் இட்டுப் பின்னர் மெய்யினை இட்டனர். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. ஒருங்குறியில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். கருவி இடம் மாற்றித் தருகிறது. ஔகாரக் குறியும் ளகரமும் பழைய எழுத்துருவில் ஒரே உரு. ஆகவே ‘வெள்ளம்’ என்று கவிஞர் எழுதியதைக் கருவி ‘வௌ்ளம்’ ஆக்கிவிடும். கண் இரண்டையும் ஒன்றாகக் காணும். தேடும் பொறி இரண்டையும் வேறாகக் காணும். மாற்றிய கவிதையை மூலத்தோடு வைத்து வாய்விட்டு ஒருமுறை படிக்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது. அந்த வேலையைக் கவிஞரைத் தவிர வேறெவரும் செவ்வனே செய்ய இயலாது.

திருத்தல்

எண் நோக்கிகள் பெரும்பாலும் திருத்தவும் வல்லவை. அங்கேதான் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். முதற்படிமத்தைத் தொடக்கூடாது, அதன் நகலிலேயே திருத்த வேண்டும். திருத்தும்போது ஒரு பைட்டின்மேல் மற்றொரு பைட்டை எழுதலாமே தவிர, நடுவே புதிதாக ஒன்றை நுழைக்கலாகாது. நுழைத்தால் அதற்குப் பின்னுள்ள அனைத்தும் ஓரிடம் தள்ளிப்போய், பட்டியல் காட்டும் இடத்தில் கோப்பு இராது. பாமினியில் ‘தமிழ்’ ஐந்து பைட்டு. ஒருங்குறியில் வழக்கமாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் அதே சொல் 15 பைட்டு. ஆகவே எழுத்து மாற்றத்தைப் படிமத்தின் உள்ளேயே செய்துவிடலாம் என்று எண்ணுவது ஒரு நாழியில் மூன்று நாழி அளக்கும் முயற்சி. கோப்பினை வெளியே எடுத்து மாற்றுவதே வழி.

பின் எதற்குத்தான் படிமத்தைத் திருத்துவது? பாயிரமான முதற்கூறு சிதைந்து கணினி வட்டினை ஏற்க மறுக்கும்போது, அதே வகையான நல்ல வட்டினைப் பார்த்து அதனைச் சீர்செய்யலாம். முதற்பட்டியல் கெட்டிருந்தால் இரண்டாம் பட்டியலை அதன்மேல் எழுதலாம். அழிக்கப்பட்ட கோப்பின் பெயரை மீட்கலாம். செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், எத்தனையாவது கூறு, முன்பு இருந்தது எது, இப்போது எழுதியது எது என்று தனித்தாளில் குறிக்க வேண்டும். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்த பதிப்பாசிரியர்கள் காட்டிய நேர்மை அது. 1887-இல் வெளிவந்த உ.வே.சா.வின் சீவக சிந்தாமணிப் பதிப்பை இன்றும் போற்றுவதற்கு அந்நேர்மையும் ஒரு காரணம்.

அழித்ததை எழுப்பலாமா?

இங்கே தொழில்நுட்பம் முடிந்து அறம் தொடங்குகிறது. கணினியில் ஒரு கோப்பினை அழித்தால் என்ன நேர்கிறது? அதன் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. பெயரின் முதலெழுத்து இருந்த இடத்தில் 229 என்னும் எண் எழுதப்படுகிறது, பட்டியலில் அதன் தொடர்ச்சி துடைக்கப்படுகிறது, அவ்வளவே. அக்காலத்தில் கோப்பின் பெயருக்கு எட்டெழுத்தே எல்லை. ‘கவிதை’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக எட்டெழுத்து வரும். அழித்தபின் முதலெழுத்து மட்டும் போய் ‘அவிதை’ கிடக்கும். கவிதையின் உடல் வேறொன்று மேலே எழுதப்படும்வரை அங்கேயே இருக்கும். நெகிழ்வட்டில் கோப்புகள் பெரும்பாலும் அடுத்தடுத்த கூறுகளில் எழுதப்பட்டவை. எனவே, தொடக்க இடமும் நீளமும் பெயர்ப்பட்டியலில் எஞ்சியிருந்தால் அதனை எடுத்துவிடலாம்.

எடுக்கலாம் என்பதும் எடுத்து வெளியிடலாம் என்பதும் ஒன்றல்ல. மறைந்த கவிஞரின் வட்டு ஒன்று வட்டத்தின் கைக்கு வருகிறது எனக் கொள்வோம். அதில் வெளிவந்த தொகுப்பும் உண்டு. அவரே அழித்த முப்பது கவிதைகளும் உண்டு. அழித்த கடிதங்களும் உண்டு. அவை யாருடையவை?

உலகில் இவ்வினாவை எதிர்கொண்ட இரு நிகழ்வுகள் எண்ணத்தக்கவை. 1992-இல் வில்லியம் கிப்சன் என்னும் எழுத்தாளர் தந்தையின் பழைய நிழற்பட ஏட்டினை நினைத்து ‘அக்ரிப்பா’ என்னும் கவிதையை எழுதினார். ஏறத்தாழ முந்நூறு அடிகள். அது நெகிழ்வட்டில் வெளியிடப்பட்டது. ஒருமுறை திரையில் ஓடி முடிந்ததும், மீண்டும் படிக்க இயலாதபடி தன்னைத்தானே மறைகுறியாக்கிக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டது. நினைவு ஒருமுறை வந்து மறைவதுபோலக் கவிதையும் மறைய வேண்டும் என்பது கருத்து. 2008-இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர் மேத்யூ கிர்ஷென்பாமும் உடனுழைத்தோரும் ஓடாத ஒரு வட்டிலிருந்து படிமம் எடுத்து, பழைய மெக்கின்டாஷ் கணினியைப்போல நடிக்கும் மென்பொருளில் அதனை ஓடவிட்டனர். கவிதை ஓடியது, தன்னை மறைத்தது. ஆனால் மறைந்தது நகலே. முதற்படிமம் தொடப்படாமல் இருந்ததால் எத்தனை முறையும் அக்கவிதையை முதன்முறையாகப் பார்க்க முடிகிறது. சாகும்படி எழுதப்பட்ட கவிதை சாகாமல் இருக்கிறது. அது கவிஞரின் எண்ணத்திற்கு மாறானதா, துணையானதா என்பது இன்றும் விவாதத்திற்குரியது.

மற்றொன்று, மும்பையில் பிறந்த சல்மான் ருஷ்தியின் கணினிகள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் அவற்றைப் பெற்று, 2010-இல் ஆய்வாளர்க்குத் திறந்தது. அவர் பயன்படுத்திய பழைய கணினியின் திரையை அவர் கண்டபடியே ஆய்வாளர் காணலாம். ஆனால் எல்லாம் திறக்கப்படவில்லை. எதனைக் காட்டலாம், எதனைப் பூட்டிவைக்கலாம் என்பதில் எழுத்தாளரின் விருப்பம் மதிக்கப்பட்டது.

இவ்விரண்டிலிருந்தும் வட்டம் கொள்ளத்தக்க முடிவு ஒன்று உண்டு. படிமம் முழுமையாக எடுக்கப்பட வேண்டும். அதில் எதையும் களையக்கூடாது. ஆனால் முழுப்படிமம் பூட்டில் இருக்க வேண்டும். வெளியே வருவது கவிஞர் இசைந்தது மட்டுமே. அவர் இல்லையெனில் உரியவர் இசைந்தது மட்டுமே. அழித்த கவிதையை மீட்டுத் தொகுப்பில் சேர்ப்பது, அவர் கசக்கி எறிந்த தாளை அவர் முதுகுக்குப் பின்னால் பொறுக்கிப் பதிப்பிப்பதற்கு ஒப்பாகும். காத்தல் வட்டத்தின் கடமை. காட்டல் கவிஞரின் உரிமை.

நிறைவாக

பத்தாண்டு நிறைவு காணும் வட்டம் அடுத்த ஆண்டில் செய்யத்தக்கது மிகப் பெரிய செலவன்று. உறுப்பினர் வீடுகளில் உள்ள வட்டுகளுக்கு ஒரு பட்டியல், கணினியில் செருகத்தக்க ஒரு பழைய செலுத்தி, வட்டு வட்டாகப் படிமம், ஒவ்வொன்றுக்கும் கைரேகை, வட்டின் மேலொட்டில் கவிஞர் கையால் எழுதிய பெயருக்கு ஒரு நிழற்படம், அக்காலத்து எழுத்துருக் கோப்புகளும் அவற்றோடு. இவற்றை ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று இடங்களில் வைக்க வேண்டும். ஐந்தேகால் அங்குல வட்டுக்குத் தனிச் செலுத்தியும் தனிக் கருவியும் தேவைப்படும். அவற்றை இறுதியில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றரை அங்குல வட்டுகள் காத்திருக்கமாட்டா.

வேடியப்பன் கல்லின் முன் படையலிடுபவருள் பலர்க்கு அக்கல்லின் எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆயினும் கல்லை அவர்கள் பெயர்த்தெறியவில்லை. அதனால்தான் படிக்கத் தெரிந்தவர் ஒருநாள் தாளும் மையுமாக வந்தபோது வீரனின் பெயர் கிடைத்தது. அலமாரியில் கிடக்கும் வட்டினை இன்று படிக்கத் தெரியாமல் இருக்கலாம். எறியாமல் வைத்திருப்பது முதற்பணி. படியெடுப்பது இரண்டாம் பணி. அதன்பிறகு படிக்கலாம், படித்துக்கொண்டே இருக்கலாம்.